கிட்டார் ப்ராசசர்: ராத்திரி ரெக்கார்டிங்கிலிருந்து ஆடி மாத மேடை வரை

வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காலண்டர் ஆடும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு என்று எங்கே போனாலும் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளின் நிலைமை இதுதான். பகலில் வேலை, ராத்திரியில்தான் நேரம். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் 22 வாட் வால்வ் ஆம்ப் ஒன்று கைக்கு வந்தால்கூட, அதன் சத்தம் இனிமையாக உடையத் தொடங்கும் அளவுக்குத் திறந்தால் தெருவே எழுந்துவிடும். அந்த ஆம்ப்பின் குணத்தை ஹெட்போனுக்குள் கொண்டுவந்து தருகிற பெட்டிதான் ஆம்ப் மாடலர். அட்டைப்பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும், நம் பக்கத்து சர்ச் க்வயரிலும் மெல்லிசைக் குழுவிலும் அதற்கு ‘ப்ராசசர்’ என்றுதான் பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பல வருடங்களாக இந்தப் பெட்டியோடு வீட்டில் ரெக்கார்டிங்கும், சர்ச்சிலும் கோயில் மேடையிலும் வாசிப்பும் என்று இருக்கிறேன். என்னிடம் கேட்கிற தம்பிகள் எல்லோரும் ‘எந்த மாடல் வாங்கலாம்’ என்றே தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உன் கிட்டார் சத்தம் கடைசியில் எதன் வழியாக வெளியே வரப்போகிறது? ஹெட்போனா, லேப்டாப்பா, மைக் செட் பாக்ஸா, இல்லை இன்னொரு ஆம்ப்பா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எத்தனை நாப்பைத் திருகினாலும் சத்தம் அமையாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்கே திரும்பி வரும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

ரெக்கார்டில் நாம் கேட்கும் எலெக்ட்ரிக் கிட்டார் சத்தத்தில் நான்கு பேர் வேலை செய்திருக்கிறார்கள். சத்தத்தின் குணத்தை உருவாக்கும் ப்ரீ ஆம்ப், அதைப் பெருக்கும் பவர் ஆம்ப், ஸ்பீக்கர் இருக்கும் கேபினெட், அதன் முன்னால் வைத்த மைக். ப்ராசசர் இந்த நான்கையும் கணக்காக மாற்றி ஒரு சிப்புக்குள் ஓட்டுகிறது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது கேபினெட்டைத்தான். கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் பாட்டு கேட்கும் ஸ்பீக்கர் மாதிரி எல்லாவற்றையும் ஒலிக்காது. சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதன் சத்தம் சட்டென்று விழுந்துவிடும். டிஸ்டார்ஷனின், அதாவது உடைத்து ஒலிக்கும் சத்தத்தின், கரகரப்பை மென்மையாக்குவது அந்த வீழ்ச்சிதான். கேபினெட் இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராக மிக்சருக்கு அனுப்பினால் தகரத்தில் ரம்பம் இழுப்பது போல இருக்கும்.

கேபினெட்டையும் மைக்கையும் சேர்த்துப் பதிவு செய்த கோப்புக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர், சுருக்கமாக ஐஆர். ஆள் இல்லாத நேரத்தில் ஒரு பெரிய சர்ச்சுக்குள் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். திரும்பி வருகிற எதிரொலியில் அந்தக் கட்டடத்தின் உயரம், சுவர், கூரை எல்லாமே இருக்கும். அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் எந்தச் சத்தத்தையும் அந்தச் சர்ச்சுக்குள் ஒலிப்பது போலக் காட்டலாம். கேபினெட்டின் ஐஆரும் அதே வேலைதான். அளவு மட்டும் சிறியது.

ஆம்ப்பைக் கணக்காக்குவதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆம்ப்பின் சர்க்யூட் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணித்து உருவாக்குவது ஒன்று. 1998இல் வந்த லைன் 6 பாட், 2006இல் வந்த ஃபிராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் இரண்டும் இந்த வழி. நிஜ ஆம்ப் ஒன்றுக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, அது பதில் சொல்கிற விதத்தை அப்படியே படம் பிடிப்பது இன்னொன்று. 2011இல் கெம்ப்பர் ப்ரொஃபைலர் இந்த வழியை ஊரறியச் செய்தது. இப்போது நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளே அதைச் செய்கிறது. லேப்டாப்பும் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால், பெட்டி வாங்கும் முன்பே இதில் பழகிப் பார்க்கலாம். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது அதுதான்.

வாங்கும்போது

எந்தப் பெட்டியில் எத்தனை நூறு எஃபெக்ட் என்பதைப் பார்க்காதீர்கள். ஹெட்போன் துளை, கணினியோடு பேசும் யூஎஸ்பி ஆடியோ, வெளியிலிருந்து ஐஆர் ஏற்றும் வசதி, கேபினெட்டைத் தனியாக அணைக்கும் வசதி ஆகிய நான்கும் இருந்தால் போதும். சில சின்னப் பெட்டிகளில் ஐஆர் ஏற்ற முடியாது. உள்ளே இருக்கும் கேபினெட் நன்றாக இருந்தால் அதுவும் பெரிய குறையில்லை. பாஸ் ஜிடி-1 மாதிரி நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு நம் ஊரில் தனி மதிப்பு உண்டு. காரணம் கரண்டைப் பற்றிப் பேசும்போது வரும்.

பழையது வாங்கினால் எல்லா ஃபுட் சுவிட்சையும் பத்து முறை மிதித்துப் பாருங்கள். ஜாக்கைச் செருகி மெல்ல ஆட்டுங்கள், கரகர என்றால் துளை தளர்ந்திருக்கிறது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகவே இருந்த பெட்டி என்றால் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உப்புக்காற்று ஜாக்கைத் தின்றுவிடும்.

கரண்ட்: இங்கேதான் பாதிப் பிரச்சினை

பெரும்பாலான சின்ன ப்ராசசர்கள் 9 வோல்ட் டிசியில் ஓடுபவை, பின்னின் நடுவில் நெகட்டிவ். அடாப்டர் மாற்றும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், நடு பின்னின் துருவம் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் பெட்டி கேட்பதற்குக் குறையக் கூடாது. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தவறில்லை. லைன் 6 கம்பெனியின் எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற ப்ராசசரோடு வரும் அடாப்டர் 9 வோல்ட், 3 ஆம்பியர். அதே 9 வோல்ட்தானே என்று சாதாரணப் பெடல் அடாப்டரைச் செருகினால் பெட்டி எழுந்திருக்காது, அல்லது பாட்டு நடுவில் அணைந்துவிடும்.

அடுத்தது ஹம், அதாவது வாசிக்காதபோதும் விடாமல் கேட்கும் இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது கிட்டாருக்குள் 50, 100 ஹெர்ட்ஸ் என்று இரைச்சலாக ஏறும். ஜி ஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், ஜி கார்டில் பாட்டு வாசிக்கும்போது பலருக்கு அது காதில் விழாது, வேறு ஸ்கேலுக்குப் போனால் உறுத்தும். காரணத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அது பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) காற்றிலிருந்து பிடிக்கும் இரைச்சல். ஃபேன் ரெகுலேட்டர், பழைய டியூப் லைட் சோக், லேப்டாப் இவற்றிலிருந்து விலகி உட்கார்ந்து, உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் பாதியாகக் குறையும். சிங்கிள் காயில் பிக்கப்பில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ‘ஜிர்ர்’ என்று புதிதாக ஒரு சத்தம் வந்தால், அது விலை குறைந்த இன்வெர்ட்டர் தருகிற சதுர அலையின் வேலை. அந்த நேரத்தில் ரெக்கார்டிங் வேண்டாம். அல்லது ப்ராசசரைப் பேட்டரியிலும் லேப்டாப்பைச் சார்ஜர் இல்லாமலும் ஓட்டி, இன்வெர்ட்டரில் ஓடும் ஃபேனையும் லைட்டையும் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு வாசியுங்கள். இரைச்சல் அடங்கிவிடும்.

ஸ்ட்ரிங்கில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டு ‘சுரீர்’ என்கிறதா? அது வேறு விஷயம், உயிர் விஷயம். எர்த் சரியில்லாத வீட்டிலும், ஜெனரேட்டரில் ஓடும் பந்தல் மேடையிலும் இது நடக்கும். உடனே வாசிப்பை நிறுத்துங்கள். எலெக்ட்ரீஷியனோ மைக் செட்காரரோ எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் மறுபடி கிட்டாரைத் தொட வேண்டும். ஹம் போகிறதே என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு வாசிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஹம்மை அறுக்க, கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், உங்கள் உயிரைக் காக்கும் எர்த்தைத் தொடாது.

முதல் பேட்ச்

ஆம்ப், கேபினெட், எஃபெக்ட் எல்லாவற்றையும் ஒரு சத்தத்துக்கு அமைத்துச் சேமித்து வைப்பதுதான் பேட்ச். பெட்டியோடு வரும் பேட்ச்கள் கடையில் வாங்குகிறவரை ஈர்ப்பதற்காகச் செய்தவை. எல்லாவற்றிலும் ரிவர்ப் (அறை எதிரொலி) வழியும், கெயின் (சத்தத்தை உடைக்கும் அளவு) பொங்கும். ஒருமுறை கேட்டுவிட்டு, காலியான ஒரு பேட்ச்சைத் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் ஆம்ப் ஒன்று, கேபினெட் ஒன்று, வேறெதுவும் வேண்டாம். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் வகை க்ளீன் ஆம்ப்பை எடுங்கள். பெட்டியில் பெயரை மாற்றித்தான் வைத்திருப்பார்கள், எந்தப் பெயர் எந்த ஆம்ப்பைக் குறிக்கிறது என்று மேனுவலில் ஒரு பட்டியல் இருக்கும். பேஸ், மிடில், ட்ரெபிள் எல்லாம் பாதியில். கேபினெட் ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், மைக் ஷூர் எஸ்எம்57. இந்த நிலையில் கால் மணி நேரம் வாசியுங்கள், எதையும் திருகாமல். காது அந்த ஆம்ப்புக்குப் பழக வேண்டும்.

பிறகு கேபினெட்டில், கீழ்ச் சத்தத்தை வெட்டும் லோ கட்டை 80 ஹெர்ட்ஸிலும், மேல் சத்தத்தை வெட்டும் ஹை கட்டை 6 கிலோஹெர்ட்ஸிலும் வையுங்கள். கிட்டாரின் தடித்த ஸ்ட்ரிங் திறந்து ஒலிப்பது 82 ஹெர்ட்ஸில். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கை தட்டும் சத்தமும் மேடை அதிர்வும்தான். அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் டோலக்குக்கும் சொந்தம். ஹை கட் வைத்ததும் சத்தம் மங்கியது போலத் தோன்றும். தனியாகக் கேட்கும்போது மட்டும்தான் அப்படி. பாட்டோடு சேர்த்து ஓட விட்டால் கிட்டார் தன் இடத்தில் உட்காரும். இன்னும் இருட்டாக இருந்தால் 7, 8 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றலாம்.

ட்ரெபிளைத் திருகுவதற்கு முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள். ஸ்பீக்கரின் நடு மையத்தில் மைக் இருந்தால் சத்தம் கூர்மை, ஓரத்துக்குப் போகப் போக உருண்டையாகும். பல பெட்டிகளில் இதற்குத் தனி நாப் உண்டு. ஐஆர் கோப்புகளில் ஒரே கேபினெட்டுக்கு மைக் இடம் மாற்றிப் பல கோப்புகள் இருக்கும். இருநூறு ஐஆரை இறக்கி வைத்துக்கொண்டு அலைவதைவிட, நல்ல கேபினெட் ஒன்றில் மூன்று மைக் இடங்களைக் காதில் பதிய வைத்துக்கொள்வது பெரிய லாபம்.

இரண்டாவது பேட்ச்சுக்கு மார்ஷல் ஜேசிஎம்800 வகை ஆம்ப். கெயினை நீங்கள் விரும்பும் இடத்தில் வைத்து, அங்கிருந்து கால் பங்கு குறையுங்கள். தனியாக வாசிக்கும்போது கெயின் பலமாகத் தோன்றும், கூட்டமாக வாசிக்கும்போது அதே கெயின் ஒவ்வொரு அடியின் கூர்மையையும் நசுக்கி கிட்டாரைப் பின்னால் தள்ளிவிடும். இன்னும் இறுக்கம் வேண்டும் என்றால் ஆம்ப்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் ஒன்றை வையுங்கள். டிரைவ் கிட்டத்தட்ட பூஜ்யம், லெவல் அதிகம். அது கீழ்ச் சத்தத்தைக் குறைத்து, 700 ஹெர்ட்ஸ் பக்கம் நடுச் சத்தத்தைத் தூக்கி ஆம்ப்புக்குள் தள்ளும். பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தை ஸ்ட்ரிங்கில் வைத்து) அடித்தால் ‘தக் தக்’ என்று பிரிந்து கேட்கும்.

வரிசை பெரும்பாலும் இப்படித்தான் அமையும்: நாய்ஸ் கேட், கம்ப்ரசர், வா, ஓவர்டிரைவ், ஆம்ப், கேபினெட், டிலே, ரிவர்ப். மாற்றி வைத்துப் பார்க்கலாம், எதுவும் கெட்டுப்போகாது. நாய்ஸ் கேட்டை மட்டும் அதிகம் ஏற்றாதீர்கள். நீட்டி நிறுத்தும் ஸ்வரத்தின் வாலை அது அறுத்துவிடும்.

வாசித்ததைத் திருப்பிச் சொல்லும் டிலேயின் நேரத்தைப் பாட்டின் வேகத்தோடு சேர்க்க ஒரே கணக்கு: 60,000ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால்) வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். 120 பிபிஎம் என்றால் 500. அதில் முக்கால், 375 வைத்தால் அந்தத் துள்ளும் டாட்டட் டிலே கிடைக்கும். மேடையில் டிரம்மர் வேகம் கூட்டுவார், குறைப்பார். அதற்கு, காலால் தாளத்தைத் தட்டி வேகத்தைச் சொல்லும் டேப் டெம்போவை ஒரு சுவிட்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ரெக்கார்டிங்

யூஎஸ்பி கேபிள் ஒன்று போதும். ப்ராசசரே ஆடியோ இன்டர்ஃபேஸாக வேலை செய்யும். விண்டோஸ் கணினி என்றால் கம்பெனியின் டிரைவரை நிறுவி, ரெக்கார்டிங் மென்பொருளில் ஏசியோ டிரைவராக அதைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருளின் சாம்பிள் ரேட் பெட்டியின் சாம்பிள் ரேட்டோடு ஒத்துப்போக வேண்டும். பல பெட்டிகளில் அது 48 கிலோஹெர்ட்ஸ், சிலவற்றில் 44.1. ஒத்துப்போகாவிட்டால் சுருதி மாறும், ‘டிக் டிக்’ என்று வெட்டும்.

ஸ்ட்ரிங்கை அடிப்பதற்கும் கணினி வழியாகச் சத்தம் காதில் விழுவதற்கும் நடுவில் வரும் தாமதம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 128 என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட்தான், போக வர சேர்த்து அதற்கு மேல் கொஞ்சம். காற்றில் சத்தம் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. ஆம்ப்பிலிருந்து பத்தடி தள்ளி நிற்பவருக்கு 9 மில்லிசெகண்ட் தாமதம் எப்போதும் இருந்ததுதான். இருந்தாலும், ப்ராசசரின் ஹெட்போன் துளையில் நேராகக் கேட்டுக்கொண்டு, மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. இரண்டையும் திறந்து வைத்தால்தான் ஒரே சத்தம் இரண்டாகக் கேட்டு, குழாய்க்குள் வாசிப்பது போல ஆகிவிடும்.

லெவல்: நீங்கள் வாசிக்கும் பலமான அடி மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சிவப்பைத் தொட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இனி இந்தக் கட்டுரையில் நான் அதிகம் மதிக்கும் பழக்கம். பல ப்ராசசர்கள் யூஎஸ்பி வழியாக ஒரே நேரத்தில் இரண்டை அனுப்பும்: ஆம்ப்பும் எஃபெக்ட்டும் சேர்ந்த சத்தம் ஒரு பக்கம், கிட்டாரிலிருந்து வந்த வெறும் சத்தம் இன்னொரு பக்கம். இரண்டையும் இரண்டு ட்ராக்கில் எப்போதும் பதிவு செய்யுங்கள். வெறும் ட்ராக்கைப் பிறகு பெட்டிக்குள் திருப்பி அனுப்பி வேறு ஆம்ப்பில் மறுபடி எடுக்கலாம், இதற்கு ரீ-ஆம்பிங் என்று பெயர். ஒரு கானா சிங்கிளுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு நான் வாசித்துக் கொடுத்த ட்ராக், மறுநாள் டோலக்கும் பேஸும் சேர்ந்ததும் அடங்கிப்போய்விட்டது. பாடகர் ஊரில் இல்லை, எனக்கு வேலை. வெறும் ட்ராக் இருந்ததால் கெயினைக் குறைத்து, மிடிலை ஏற்றி பத்து நிமிடத்தில் மாற்றி அனுப்ப முடிந்தது. வாசிப்பு அதேதான், ஆம்ப் மட்டும் வேறு.

கானாவுக்கும் குத்துக்கும் கிட்டார் வாசிக்கும்போது பாடகரின் குரல்தான் ராஜா. 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை குரலின் சொற்கள் தெளியும் இடம். பாடும் நேரத்தில் கிட்டாரை அந்த இடத்தில் இரண்டு மூன்று டெசிபல் குறைத்து, இடைவெளியில் வரும் பிட்டுக்கு மட்டும் திருப்பி ஏற்றுங்கள். ரிதம் கிட்டார் அகலமாகக் கேட்க வேண்டும் என்றால் ஒரே டேக்கைக் காப்பி செய்து இடது வலது வைக்காதீர்கள், அது நடுவில்தான் கேட்கும். இரண்டாவது முறை நிஜமாகவே வாசித்து, ஒன்றை இடதிலும் இன்னொன்றை வலதிலும் வையுங்கள். இரண்டிலும் உள்ள சின்னச் சின்ன வித்தியாசம்தான் அகலம். கெயின் குறைவாக வையுங்கள் என்று சொன்னது இங்கே இன்னும் பொருந்தும், இரண்டு ட்ராக் சேரும்போது அது தானாகக் கனமாகும்.

ஹெட்போன் பேட்ச் மேடைக்கு ஏன் உதவாது

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல்முறை ப்ராசசரை நேராக மிக்சருக்குக் கொடுத்து வாசித்தேன். ஒரு மாதம் ஹெட்போனில் செதுக்கிய பேட்ச். கீபோர்டும் ரிதம் பேடும் தொடங்கியதும் கிட்டார் காணாமல் போனது. சத்தத்தை ஏற்றினால் காதைக் கிழிக்கும் கூர்மையும் அடிவயிற்றில் ஒரு குமுறலும் வந்தன, பாட்டு வரவில்லை.

காரணம் நம் காதில் இருக்கிறது. ஃப்ளெட்ச்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து காட்டினார்கள். மெல்லிய சத்தத்தில் நம் காது அடிச் சத்தத்தையும் உச்சிச் சத்தத்தையும் குறைவாகக் கேட்கும். அதனால் ராத்திரி ஹெட்போனில் பேஸையும் ட்ரெபிளையும் நாமாகவே ஏற்றி, மிடிலைக் குறைத்துவிடுகிறோம். மேடைச் சத்தத்தில் காது இரண்டையும் முழுதாகக் கேட்கும். நாம் ஏற்றியது அங்கே இரட்டிப்பாகத் தெரியும், கிட்டாரின் உயிரான மிடில் மட்டும் இருக்காது.

ஆகவே வீட்டுப் பேட்ச், மேடைப் பேட்ச் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பேட்ச்சைக் காப்பி செய்து, மேடைக்கானதில் பேஸைக் குறைத்து, மிடிலைத் தூக்கி, கெயினையும் ரிவர்ப்பையும் பாதியாக்கி எடுத்துப் போங்கள். அறையே தன் பங்குக்கு ரிவர்ப் தரும், அதிலும் சர்ச் என்றால் தேவைக்கு மேலேயே தரும். பிராக்டிஸ் நடக்கும் இடத்தில் முழுச் சத்தத்தில், கீபோர்டும் டிரம்ஸும் ஓடும்போது கடைசித் திருத்தம் செய்யுங்கள்.

இதற்கு ஒரு நல்ல உபாயம், வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பர். பெட்டியில் லூப்பர் இருந்தால் அதை வரிசையில் முதலாக, ஆம்ப்புக்கு முன்னால் வையுங்கள். நாலு வரி வாசித்து லூப் செய்துவிட்டு, கிட்டாரை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, ஜனங்கள் உட்காரும் இடத்தில் நின்று கேளுங்கள். ஏறிப் போய்த் திருத்துங்கள், மறுபடி இறங்குங்கள். வாசித்துக்கொண்டே கேட்பதைவிட இது பல மடங்கு உண்மையைச் சொல்லும்.

பேட்ச்களுக்கு நடுவே லெவல் சமமாக இருக்க வேண்டும். இதை மீட்டரை மட்டும் நம்பிச் செய்ய முடியாது. க்ளீன் சத்தம் மீட்டரில் உயரமாகக் குதிக்கும், ஆனால் காதுக்கு டிஸ்டார்ஷன்தான் பலமாகத் தெரியும். கீபோர்டு ஓடும்போது காதால் சமன் செய்து, லீட் பேட்ச்சை மட்டும் 3, 4 டெசிபல் மேலே வையுங்கள். அந்த ஏற்றத்தைக் கேபினெட்டுக்குப் பிறகு வைக்க வேண்டும். ஆம்ப்புக்கு முன்னால் வைத்தால் சத்தம் ஏறாது, கெயின்தான் ஏறும்.

மேடையில் எங்கே செருகுவது

கோயில் திருவிழாவிலும் சர்ச்சிலும் பெரும்பாலும் நேராக மிக்சருக்குத்தான் போகும். கேபினெட் ஆன். பெட்டியில் எக்ஸ்எல்ஆர் அவுட் இருந்தால் அதிலிருந்து, இல்லையென்றால் டிஐ பாக்ஸ் வழியாக. இருபது முப்பது அடி சாதாரண கிட்டார் கேபிளை மிக்சர் வரை இழுத்தால் வழியெல்லாம் இரைச்சலை வாரிக்கொண்டு போகும். பெட்டியின் அவுட்புட் ‘லைன்’ லெவலில் இருந்து, மிக்சரில் மைக் துளைக்குப் போனால் சத்தம் உடையும். பெட்டியில் ‘மைக்’ என்று மாற்றுங்கள், அல்லது மிக்சரில் கெயினை முழுக்க இறக்கச் சொல்லுங்கள். மிக்சரில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் ஆனில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் செருகுங்கள், சில ப்ராசசர்களின் அவுட்புட் அதைத் தாங்காது.

மைக் செட் பாக்ஸ்கள் பல இடங்களில் மோனோதான். இடது வலது மாறி மாறி வரும் டிலே அங்கே பாதி தொலைந்துபோகும். லெஃப்ட், மோனோ என்று எழுதியிருக்கும் துளையில் மட்டும் செருகி, பேட்ச்சையும் மோனோவாகவே கேட்டுத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கிட்டார் ஆம்ப் ஒன்று மேடையில் காத்திருந்தால் கணக்கு மாறும். ஆம்ப்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் துளை இருந்தால் அதில் செருகி, ப்ராசசரில் கேபினெட்டை மட்டும் அணையுங்கள். முன்பக்கத் துளைதான் இருக்கிறது என்றால் ப்ராசசரில் ஆம்ப்பையும் கேபினெட்டையும் அணைத்துவிட்டு, எஃபெக்ட்டுகளை மட்டும் பயன்படுத்துங்கள். ஆம்ப்புக்குள் ஆம்ப், கேபினெட்டுக்குள் கேபினெட் என்று போனால் போர்வைக்குள் வாசிப்பது மாதிரி இருக்கும்.

மைக் செட் அண்ணனிடம் பேசுவதும் ஒரு படிதான். பல வருடம் மேடை பார்த்தவர் அவர். போனதும் வணக்கம் சொல்லி, ‘அண்ணே, என் கிட்டார் ஆம்ப் இல்லாம நேரா பெட்டியில இருந்து வருது. ஈக்யூவை நடுவுல வெச்சுட்டு, லோ கட் மட்டும் போட்டுக் குடுங்க. லீட் வரும்போது நானே ஏத்திப்பேன்’ என்று சொன்னால் போதும். ‘சரி தம்பி, முதல்ல ரொம்பப் பலமா வர்ற பேட்ச்ச அடி’ என்பார். அதைத்தான் முதலில் அடிக்க வேண்டும். மெல்லிய பேட்ச்சில் செக் கொடுத்துவிட்டு, நிகழ்ச்சியில் பலமாக அடித்தால் அவர் உங்கள் சேனலை இறக்கிவிடுவார், அதற்குப் பிறகு ஏற்ற மாட்டார். உங்களுக்கு ஒரு மானிட்டர் லைன் கேளுங்கள். மேடையில் உங்கள் சத்தம் உங்களுக்கே கேட்காவிட்டால் கை தானாக அழுத்தி அடிக்கும், சுருதி விலகும்.

நிகழ்ச்சி நாள்

ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாள் நிகழ்ச்சி என்றால் சவுண்ட் செக் வெயிலில்தான் நடக்கும். வெயிலில் திரை தெரியாது, பெட்டி சூடாகும், மேலே துண்டு போட்டு வையுங்கள். பாட்டு வரிசைப்படி பேட்ச்களை அடுக்குங்கள், எண்ணைப் பார்க்காமல் கால் போகும்படி. சில பெட்டிகளில் பேட்ச் மாறும்போது ஒரு நொடி சத்தம் அறுபடும். ஒரே பாட்டுக்குள் மாற வேண்டியதை ஸ்னாப்ஷாட், சீன் என்று பெட்டி எப்படிப் பெயர் வைத்திருக்கிறதோ அதில் ஒரே பேட்ச்சுக்குள் வைத்துவிடுங்கள், அறுபடாது. ட்யூனரைச் சத்தம் அணைக்கும் நிலையில் வையுங்கள். பாட்டுக்கு நடுவில் சுருதி சேர்ப்பது அம்மன் சன்னதி வரை கேட்க வேண்டியதில்லை.

பையில் இருக்க வேண்டியவை: இன்னொரு அடாப்டர், இரண்டு கிட்டார் கேபிள், ஸ்ட்ரிங் செட், டேப், டார்ச். எல்லாப் பேட்ச்சையும் முந்தின நாளே கணினியில் பேக்கப் எடுத்துவிடுங்கள். இடம் சரியில்லாமல் எல்லாப் பேட்ச்சும் குமுறினால் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்காமல், எல்லாப் பேட்ச்சுக்கும் பொதுவான குளோபல் ஈக்யூவில் ஒரே இடத்தில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள். மறுநாள் அதை மறக்காமல் பழையபடி வைத்துவிட வேண்டும்.

ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், கடைசி நான்கைந்து பாட்டு எப்போதும் அவசரத்தில்தான் ஓடும். முக்கியமான லீட் இருக்கும் பாட்டை 9.30க்குள் வைக்கச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் மிக்சரில் உங்கள் சேனலை இறக்கச் சொன்ன பிறகு கேபிளைப் பிடுங்குங்கள், இல்லையென்றால் ‘டொம்’ என்று பாக்ஸே அதிரும். காசிமேடு பக்கம் வாசித்துவிட்டு வந்த ராத்திரி, எத்தனை மணியானாலும், பெட்டியையும் ஜாக்குகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் நான் பையை மூடுவேன்.